விம்புஷைப் பற்றிப் பத்து நிமிடம்

விம்புஷுக்கு வியர்ப்பதைப் பார்க்கப் பார்க்க அருமைநாயகத்துக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வியர்க்கட்டும், நன்றாக வியர்க்கட்டும். ஏ.சி. ஹால் என்று வாடகை வாங்கிக்கொண்டு மேலே இரண்டு காற்றாடியை மட்டும் ஓடவிட்டிருக்கும் இந்த எழும்பூர்ச் சங்கத்துக்காரர்களை இந்த ஒரு காரியத்துக்காகவே மன்னித்துவிடலாம். மேடையேறியதும் போர்த்திய பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ரோஸ் நிறத்தில் ஜரிகை போட்ட அந்தச் சால்வைக்குள் எண்பது தாண்டிய வெள்ளைக்காரன் ஒருவன் இட்டிலிக் கொப்பரையில் ஏற்றிய மாவு மாதிரி வெந்துகொண்டிருந்தான். சொல்லலாமா? பக்கத்து நாற்காலிதான், குனிந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. ஐம்பது வருஷமாக ஒருவனை மனசார வெறுத்துவிட்டு இப்போது போய் அவன் வேர்வைக்கு வழி சொல்வதாவது. மைக்கில் பதிப்பாளர் முகில்வாணன் முழங்கிக்கொண்டிருந்தார். "பத்திரிகை உலகிலிருந்து நாவல் உலகுக்குத் தாவிய வேங்கை, ஐயா ரோலண்ட் விம்புஷ் அவர்களே!" வேங்கையாம். வேங்கை ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தது. முகில்வாணன் தாம் பதிப்பித்த புத்தகம் எதையும் படித்ததில்லை, அது அவருடைய கொள்கை, மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பானா என்று கேட்பார். விம்புஷுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் எப்சிபா, மொழிபெயர்ப்பாளர், அருமைநாயகத்தின் சம்சாரம், பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், மாம்பழ நிறப் பட்டு. மேடையில் உட்காருவதற்கென்றே பிறந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷம். நாலு வருஷமாக இந்த மடையனுடைய நாவலோடு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, சமயத்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, குழம்பு அடிப்பிடிப்பது தெரியாமல். இன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்தா பாருங்க, மேடையில ஏறி வாய் அரிப்பத் தீத்துக்கிட்டீங்கன்னா நான் ஹால்ல இருந்தே நேரா எழும்பூர் ஸ்டேஷனுக்கு நடந்துருவேன். தங்கச்சி வீட்டுக்கு வண்டி இருக்கு." "போனா திரும்பி வருவியா?" "அத அங்க போய் யோசிச்சுக்கிடுதேன்."

பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். நூலாசிரியர் அறிமுகம், திரு. அருமைநாயகம், ஓய்வுபெற்ற துணையாசிரியர், கோரமண்டல் ஹெரால்டு. விம்புஷின் வாழ்வும் பணியும். வாழ்வும் பணியும்! அவர் அந்தப் பத்து நிமிடத்தை மூன்று வாரமாக அம்மியில் வைத்து அரைத்து வைத்திருந்தார். சபையோரே, இவர் தந்தையார் மான்செஸ்டர் பக்கத்து ஊர் ஒன்றில் குடை ரிப்பேர் பார்த்தவர், மகனும் அதே தொழில்தான், கிழிந்த துணியை மேலே விரித்துக் காட்டுவார், உள்ளே நின்றால் நனைந்துவிடுவோம். இப்படித் தொடங்குவதாக இருந்தார். எப்சி முறைப்பாள், முறைக்கட்டும், ஸ்டேஷனுக்கு நடக்கமாட்டாள், முழங்கால் வலி. அப்புறம் அந்தச் சாவு வீட்டு வேலை. அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த பையனைச் சர்ச் வாசலில் நிறுத்துவார்களாம், அடக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெயர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும், மறுநாள் எல்லாப் பெயரும் அச்சாகும், பெயர் வந்தவனெல்லாம் ஒரு காப்பி வாங்குவான். விம்புஷ் பத்திரிகைத் தொழில் படித்தது அந்த வாசலில். ஒருமுறை மழையில் நின்று எழுதியதில் இறந்தவர் பெயரையும் துக்கத்துக்கு வந்தவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டான், அச்சாகியும்விட்டது, இறந்தவருடைய விதவை அந்தப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் வந்திருந்தால் என்னிடம் சொல்லாமல் போயிருக்கமாட்டாரே என்று ஆபீஸில் சண்டை போட்டாளாம். இதை விம்புஷே ஒரு நாள் சாயங்காலம் மவுண்ட் ரோட்டு ஆபீஸ் மாடியில் சிகரெட் பிடித்துக்கொண்டே சொன்னான். அப்போது இருவருக்கும் மீசை கறுப்பு. சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். அப்போது சிரிக்கத் தெரிந்தவனாகத்தான் இருந்தான், அதைச் சபையில் சொல்லவேண்டியதில்லை.

சொல்லவேண்டியது அந்த மந்திரி விஷயம். விம்புஷ் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு நிருபனாக மெட்ராஸில் வந்து இறங்கி, அந்தச் சம்பளம் செலவுக்குக் கட்டாமல் ஹெரால்டிலும் எழுதிக்கொண்டிருந்தான். எழுத்தா அது. செய்தி என்றால் தலையில் செய்தி இருக்கவேண்டும், கழுத்தில் விவரம், காலில் வேண்டியது வேண்டாதது. பக்கத்தில் இடம் போதாவிட்டால் சப் எடிட்டர் காலிலிருந்து வெட்டிக்கொண்டே வருவான், படிக்கக்கூட மாட்டான், அங்குலம் பார்த்து வெட்டுவான், பத்திரிகை பிறந்த நாளிலிருந்து உலகம் முழுக்க இதுதான் வழக்கம். விம்புஷுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். முதல் பத்தியில் மழை. இரண்டாவது பத்தியில் மழையின் வாசனை. மூன்றாவதில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவனின் கண். அன்றைக்கு மேசைக்கு வந்ததும் அப்படித்தான், நீளமான மழை, அருமைநாயகம் முறுக்கைக் கடித்துக்கொண்டே ஸ்கேலை வைத்தார், அடியிலிருந்து நாலு அங்குலம், சரக். மறுநாள் ஊரிலுள்ள பத்திரிகை எல்லாவற்றிலும் மந்திரி ஒருவர் ராஜினாமா, ஹெரால்டில் மட்டும் மழை. ராஜினாமா விம்புஷுக்குத்தான் முதலில் தெரியும், மந்திரி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று எழுதியிருக்கிறான், ஆனால் அதைக் கடைசிப் பத்தியில் வைத்திருக்கிறான், கிளைமாக்ஸாம். ஆசிரியர் அறையில் நின்று இரண்டு பேரும் கத்தினார்கள். "என் கதையைக் கொன்றுவிட்டாய்!" என்றான் விம்புஷ். "நீ கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பாய், நான் குனிந்து தேடணுமா?" என்றார் இவர். "ஒருத்தனும் வெட்டமுடியாத இடத்துக்குப் போய் எழுதுகிறேன், பார்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். போனவன் நாவல் எழுதினான். அந்த விதத்தில் பார்த்தால் விம்புஷ் என்கிற நாவலாசிரியனைப் பெற்றெடுத்தது நாலு அங்குலக் கத்தரி, கத்தரி பிடித்த கை இதோ மடியில் இருக்கிறது, இதற்கு ஒரு சால்வை உண்டா? இதற்கு ஒரு வரி நன்றி உண்டா? உண்டு, அவன் பாணியில். முதல் நாவலில் வழுக்கைத்தலை சப் எடிட்டர் ஒருவர் வருகிறார், பெயர் மிஸ்டர் நாயகம், முறுக்குத் தின்றுகொண்டே புரூஃப் பார்க்கிறார், பாம்பு கடித்துச் சாகிறார். இரண்டாவது நாவலில் வேறு ஊர், வேறு கதை, அதே நாயகம், ரயிலில் அடிபட்டு. அப்புறம் காலரா, அப்புறம் அச்சு இயந்திரத்தில் வேட்டி மாட்டிக்கொண்டு, அப்புறம் பெரம்பூரில் யானை. பெரம்பூரில் யானை ஏதடா மூதேவி? லண்டனில் இருக்கிறவன் யார் கேட்கப்போகிறான். ஒவ்வொரு நாவலிலும் இங்கிலீஷ்கார நிருபன் ஒருவன் கடைசி அத்தியாயத்தில் மழையில் நின்று கீழைத்தேசத்தைப் புரிந்துகொள்வான், அதற்குக் கொஞ்சம் முன்னால் நாயகம் செத்திருப்பார். பரிசுகள் வந்தன, பட்டங்கள் வந்தன, தாடி வந்தது. இவர் ரிட்டயரானபோது ஆபீஸில் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், கொடுத்தபோதே நின்றிருந்தது.

கைதட்டல். புத்தகத்தை வெளியிடுகிறார்கள். தங்கக் காகிதத்தைப் பிரிக்கத் தெரியாமல் விம்புஷ் நகத்தால் சுரண்டினான், எப்சிபா ரிப்பனை ஒரு இழுப்பில் அவிழ்த்தாள், காமிராக்காரன் "இன்னொரு தரம் ஐயா, சிரிச்சாப்ல" என்றான், அவிழ்த்ததை மறுபடி கட்டி மறுபடி அவிழ்த்தார்கள். 'உப்புக் காற்றின் சாட்சி', தமிழில்: எப்சிபா அருமைநாயகம். அவள் பெயரை அட்டையில் இரண்டு தரம் படித்தார், எழுத்துப் பிழை பார்க்கத்தான். மேடையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி வந்தது. புது மையின் வாசனை. அவர் கை பழக்கத்தில் புத்தகத்தைக் கடைசியிலிருந்து திறந்தது, எந்த எழுத்தையும் காலிலிருந்துதான் பார்க்கிற கை. கடைசிப் பக்கத்தில் நிருபன் அடையாறு முகத்துவாரத்தில் ஒரு மீனவனிடம் தீப்பெட்டி கேட்கிறான். மீனவன் இல்லை என்கிறான். முற்றும். நல்ல முடிவு. அவர் பக்கத்தைத் திருப்பினார். பின் அட்டை. திரும்பவும் முன்னால் வந்தார். தீப்பெட்டி, இல்லை, முற்றும். எங்கே மழை? இங்கிலீஷில் இந்தத் தீப்பெட்டிக்கு அப்புறம் ஒரு முழு அத்தியாயம் உண்டே, வெள்ளம், பாலம், பாலத்தில் குடையோடு மிஸ்டர் நாயகம், அடித்துக்கொண்டு போகிறது, நிருபன் கரையில் நின்று கீழைத்தேசத்தைப் புரிந்துகொள்கிறான், இருபத்தாறு பக்கம் மழை. அது எப்படி இவருக்குத் தெரியும்? விம்புஷ் புத்தகத்தை நான் கையால் தொடமாட்டேன் என்று வீடு அதிரச் சொன்ன மனுஷனுக்கு? எப்சி மத்தியானம் தூங்கும்போது படித்தார், அப்படித்தான் தெரியும். படிக்கும்போது பக்கத்தில் அவளுடைய பென்சில் கிடந்தது.

பென்சில் கிடந்தது. வேறு யார் கையாக இருந்தாலும் அது கிடந்தபடி கிடந்திருக்கும். இவர் கை முப்பது வருஷ உத்தியோகக் கை, முதல் பக்கத்திலேயே ஒரு உரிச்சொல்லை அடித்தது, இரண்டாவது பக்கத்தில் ஒரு மேகத்தை, ஐந்தாவது அத்தியாயத்தில் சூரிய அஸ்தமனம் மூன்றை அடித்து ஒன்றை விட்டது, சொறிந்துகொள்கிற சுகம் அது, அப்படியே போய்க் கடைசி அத்தியாயத்தை மூலைக்கு மூலை ஒரே கோடாக இழுத்துப் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளிவிட்டுத்தான் மூச்சு விட்டது. தன் சாவு என்பதற்காக அடிக்கவில்லை. அதை எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வார். இருபத்தாறு பக்கம் மழை, அதற்காக அடித்தார், தொழில். நாளைக்கு ரப்பர் வாங்கிவந்து அழித்துவிடலாம் என்று மூடி வைத்தார், மறுநாள் கண் ஆஸ்பத்திரி, புரை எடுத்தார்கள், பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள், கட்டு அவிழ்ந்தபோது எப்சி தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். "உள்ள வராதீங்க, வந்தா எதையாவது நறுக்கிருவீங்க." நறுக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது, தொடவேமாட்டேன் என்றல்லவா சொல்லியிருக்கிறது. அப்புறம் மறந்தே போனது. சரி, கோடு கிடந்தால் என்ன, புத்தகத்தில் எவனோ கிறுக்கியிருக்கிறான் என்று தாண்டிப் போகமாட்டாளா? மாட்டாள். ஏனென்றால் அந்தப் பிரதியை அனுப்பியதே விம்புஷ், அதில் அவனே அங்கங்கே பென்சிலால் இரண்டொரு திருத்தம் போட்டு, தமிழில் இந்தப் படியே வரட்டும், பென்சில் அடையாளங்களைப் பின்பற்றுங்கள் என்று அவளிடம் போனில் சொல்லியிருக்கிறான், அவள் அதைப் பெருமையாக இவரிடமே சொன்னாள். பின்பற்றிவிட்டாள் புண்ணியவதி. ஒன்று விடாமல் பின்பற்றிவிட்டாள். இதற்குள் ஞாபகம் வந்தது, கீழே டீ குடிக்கும்போது விம்புஷ் இரண்டு புத்தகத்தையும் இரண்டு கையில் தூக்கி எடை பார்த்து, "உங்கள் மொழி எவ்வளவு சிக்கனமான மொழி!" என்று வியந்ததும், முகில்வாணன் "செம்மொழி சார்" என்று நெஞ்சை நிமிர்த்தியதும், எல்லோரும் சிரித்ததும், இவரும் மடையன் என்று நினைத்துச் சிரித்ததும். மூளை வேலை செய்யவில்லையே அப்போது. டீ நன்றாயிருந்தது, அதுதான் காரணம்.

அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். வரவேற்புரை, வெளியீடு, நூலாசிரியர் அறிமுகம், அதற்கு அடுத்தது: இருமொழி வாசிப்பு. நூலின் இறுதிப் பக்கத்தை ஆசிரியர் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பாளர் தமிழிலும் வாசிப்பர். விம்புஷ் மழையில் நின்று தேசத்தைப் புரிந்துகொள்வான், முடித்ததும் எப்சி எழுந்து தீப்பெட்டி இல்லை என்பாள். யார் கவனிக்கப் போகிறார்கள், இருக்கிற கூட்டத்தில் பாதி டீக்கும் வடைக்கும் வந்தது. கவனிக்க ஒருவர் இருந்தார். முதல் வரிசையில், நடு நாற்காலியில், பேராசிரியர் கோதண்டம். அவர் மடியில் இரண்டு புத்தகமும் இருந்தன, இங்கிலீஷ் கீழே, தமிழ் மேலே, இரண்டிலும் விரல். கோதண்டம் முன்னால் உட்கார்ந்த கூட்டத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் எவரும் முழுசாக வீட்டுக்குப் போனதில்லை. திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர், ரஷ்ய நாவல் ஒன்றை வியர்வை சிந்திப் பெயர்த்தவர், கோதண்டம் எழுந்து ஒரு குதிரையின் நிறத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார், அன்றோடு அந்த மனிதர் எழுத்தை விட்டு இஸ்திரிக் கடை வைத்துவிட்டார், இன்றைக்கும் கறுப்பு, பழுப்பு எது கொடுத்தாலும் வாங்கமாட்டார், வெள்ளைதான். அப்படிப்பட்ட ஆள் கையில் ஒரு அத்தியாயமே கிடைத்தால்? "அம்மையார் கடைசி அத்தியாயத்தைத் தொலைத்துவிட்டாரா, அல்லது களைத்துவிட்டாரா?" கேட்பார், அந்தக் குரலில் கேட்பார், சபை சிரிக்கும், காலையில் பேப்பரில் வரும், அந்தப் பட்டுப்புடவை, அந்த நிமிர்ந்த முதுகு. எப்சி நிமிர்ந்துதான் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாலு வருஷத்தை ஒரு கிறுக்கன் பென்சிலால் கிழித்துவிட்டான் என்று தெரியாமல் முகில்வாணன் பேச்சுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிட்டால்? சொன்னாலும் மானம் அவளுடையதுதான் போகும், புருஷன் கிறுக்கியதையும் ஆசிரியர் வாக்கையும் பிரித்தறியத் தெரியாதவள் என்பார்கள். நெஞ்சு வலி என்று விழுந்துவிட்டால்? அவள் நம்பமாட்டாள், பல் ஆஸ்பத்திரிக்கு டிமிக்கி கொடுக்க ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருக்கிறார். மணி ஏழைத் தாண்டிக்கொண்டிருந்தது. கதவோரம் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றான். எட்டு மணிக்கு ஹாலைக் காலி செய்யவில்லையென்றால் மெயினையே அணைத்துவிடுவான் என்று முகில்வாணன் வந்தவுடனேயே எல்லோரிடமும் புலம்பியிருந்தார். எட்டு மணி. அருமைநாயகம் அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், மறுபடி சாவிக்கொத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் நீளத்தைக் குறைத்தவர். பத்து நிமிடத்தை எட்டு மணி வரைக்கும் இழுக்கவேண்டும். எதைச் சொல்லி இழுப்பது? அரைத்து வைத்த வசை மூன்றாவது நிமிடத்திலேயே ஆளைக் கீழே இறக்கிவிடும், விம்புஷ் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து அவன் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள், குடை ரிப்பேர் என்றதும் முகில்வாணன் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்குவார். திட்டுகிறவனை நிறுத்திவிடலாம். இந்த ஊரில் ஒருவன் இன்னொருவனைப் புகழ ஆரம்பித்துவிட்டால் அவனை நிறுத்த யாராலும் முடியாது, நிறுத்துவது புகழப்படுகிறவருக்கு அவமரியாதை. கடவுளே. புகழவேண்டும். இவனை. இந்தப் பெரம்பூர் யானையை.

"அடுத்து, ஐயா அருமைநாயகம் அவர்கள், சுருக்கமாக!" என்றார் முகில்வாணன். எழுந்தார். மைக்கைத் தட்டினார், அது இருமியது. "அவையோருக்கு வணக்கம்," என்றார், "திரு. ரோலண்ட் விம்புஷ் அவர்கள் பிறப்பதற்கு முன்னால்," என்று தொடங்கியபோது எப்சியின் புருவம் உயர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது, "அவருடைய பாட்டனார் காலத்தில், அந்த ஊரில் ஒரு பெருமழை பெய்தது." வாய் வழிய வழிய வந்தது. இது எங்கிருந்து வருகிறது? அந்த மழையில் ஊருக்கே குடை பிடித்தவர் பாட்டனார், ராணியாரே ஆள் அனுப்பித் தம் குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டு போனார், அந்தக் கம்பி இன்றும் அரண்மனையில் இருக்கிறது. பொய், சுத்தப் பொய், விம்புஷின் காதில் அந்தப் பெண் பெயர்க்கப் பெயர்க்க அவன் மறுப்பான் என்று பார்த்தால் மறுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான், ராணியின் கம்பியை ஞாபகப்படுத்திக்கொள்கிறவன் மாதிரி. இவனுக்கு வெட்கமே கிடையாதா. அருமைநாயகம் அடுத்துத் தந்தையாருக்கு வந்தார், தாயாருக்கு வந்தார், தாயார் வயிற்றில் விம்புஷ் இருந்தபோது அவருக்குக் காகிதம் தின்ன ஆசை வந்ததைச் சொன்னார், சபை கைதட்டியது, கைதட்டலில் சில நொடிகள் போயின, இன்னும் போகட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். சர்ச் வாசலை அரைமணி நேரத்துக்கு விரித்தார், துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் நடந்து வரச்செய்தார், பெயர் சொல்லவைத்தார், கண்ணைத் துடைக்கவைத்தார். ஒரு மறதியில் "சாவின் வாசலில் நின்று மனிதர்களின் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்ட சிறுவன்தான் பிற்காலத்தில் நாவலாசிரியனாக முடியும்" என்றார், சொன்னபிறகு அது பொய் மாதிரி இல்லையே என்று உறைத்து எரிச்சலாக வந்தது. முகில்வாணனிடமிருந்து முதல் துண்டுச்சீட்டு வந்தது. முடிக்கவும். அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மெட்ராஸ் புயலுக்கு வந்தார். அந்தப் புயலைப் பற்றி விம்புஷ் ஹோட்டல் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு எழுதியதில் ஒரு வரி இருந்தது: 'மறுநாள் காலை கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.' அது காலில் இருந்தது, வெட்டினார். வெட்டினது இத்தனை வருஷம் கழித்து ஒரு எழுத்துக் குறையாமல் நாக்கில் வந்து நின்றது, சனியன், எங்கே ஒளிந்திருந்தது இது. சொன்னார். இரண்டு தரம் சொன்னார். விம்புஷ் கைக்குட்டையை எடுத்தான், வேர்வைக்கு இல்லை. சால்வைக்குள் மோவாய் ஆடியது. அழுகிறான். ஐயோ, அழுகிறான். இவ்வளவு மட்டமான மனுஷனா, புகழ்ந்தால் அழுகிறவனா, இவனையா ஐம்பது வருஷம் எதிரி என்று மதித்தோம்.

இரண்டாவது சீட்டு. தயவுசெய்து முடிக்கவும், வாசிப்பு பாக்கி. கோதண்டம் கால் மாற்றிக் கால் போட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், இங்கிலீஷ் புத்தகத்தை மேலே எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் கால்மணிக்கு மேல் இருந்தது. நாக்கு உலர்ந்துவிட்டது. நாவல்களுக்கு வந்துவிட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும், வந்த வழியே பின்னால் போனால் என்ன? "விம்புஷ் அவர்களின் பள்ளிப் பருவத்தைப் பற்றி நான் சொல்ல மறந்துவிட்டேன்," என்றார். சபையில் ஒரு முனகல் எழுந்தது. அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம், பட்டுப்புடவை சரசரப்பு. எப்சி எழுந்து வருகிறாள். முடிந்தது. கையைப் பிடித்து உட்காரவைக்கப் போகிறாள், அதைச் செய்ய இவ்வுலகில் அதிகாரம் உள்ள ஒரே ஆள். பிறகு வாசிப்பு, பிறகு கோதண்டம், பிறகு எழும்பூர் ஸ்டேஷன். அவள் தண்ணீர்க் குவளையை நீட்டினாள். இவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "எப்சி, நான் வேணும்னு பண்ணல..." "குடிங்க மொதல்ல." முகத்தில் மேடைச் சிரிப்பு, உதடு அசையவில்லை. வகுப்பில் பின் பெஞ்சுப் பெண்களை அடக்குகிற குரல். "அந்தக் கோடு உங்க கோடுன்னு எனக்கு மொத அத்தியாயத்துலயே தெரியும். வெள்ளைக்காரன் இவ்வளவு ஆத்திரமாவா அடிப்பான்?" தண்ணீர் புரையேறியது. "தெரிஞ்ச பெறகு எதுக்கு..." "ஒவ்வொரு நாவல்லயும் அவன் உங்களக் கொல்லுதான். கொன்னுட்டுப் போட்டும், அது அவன் கை. நானும் என் கையால உங்கள வெள்ளத்துல தள்ளி விட்டு எழுதணுமாக்கும்? போங்க." குவளையை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் அவர் சட்டையில் சிந்தியிருந்ததைத் துடைத்தாள், சபை அதைப் பார்த்து நெகிழ்ந்து கைதட்டியது, அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள்: "வாசிப்பு எனக்கு அழைப்பிதழப் பாத்த பெறகுதான் தெரியும், முகில்வாணன் கேக்காமப் போட்டுட்டாரு. எட்டு மணி வரைக்கும் இழுங்க. கோதண்டம் மொகத்தப் பாக்காதீங்க, நிறுத்திருவீங்க."

அவள் திரும்பி நடந்து போய் உட்கார்ந்தாள், முதுகு நிமிர்ந்து, பக்கத்து நாற்காலியில் அழுதுகொண்டிருந்த மனிதரின் தோளிலிருந்த சால்வையை ஒரு கையால் உருவி மடித்து அவர் மடியில் வைத்தாள். அருமைநாயகம் மைக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். முகில்வாணன் மூன்றாவது சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். கோதண்டம் இருந்த பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லாதது போல அவரைத் தாண்டி, காற்றாடிகளைத் தாண்டி, கதவோரத்துக் காக்கிச் சட்டையை வாஞ்சையோடு பார்த்தார்.

"ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறேன்," என்றார். "அவருக்கு அப்போது ஐந்து வயது. மழை பெய்துகொண்டிருந்தது."